பயன்படுத்திய என்ஜின் பாகங்களின் பொருத்தம்

பயன்படுத்திய என்ஜின் பாகங்களின் பொருத்தம் என்பது, உடைத்துப் பிரிக்கப்பட்ட ஒரு வண்டியிலிருந்து எடுத்த என்ஜின் பாகம் மற்றொரு வண்டியின் என்ஜினில் மாற்றம் ஏதுமின்றி அமர்ந்து உரிய முறையில் இயங்குமா என்பதைக் குறிக்கும். தமிழ்நாட்டில் காயலான் கடை என வழங்கும் பழைய இரும்புக் கடைகளிலும் வண்டி உடைக்கும் கடைகளிலும் பாகம் வாங்குவோர், பணம் கொடுக்கும் முன்னரே இதை உறுதி செய்துகொள்வது இன்றியமையாததாகும். விற்ற பொருளைத் திரும்பப் பெறும் வழக்கம் இக்கடைகளில் பெரும்பாலும் இல்லை.

வண்டியின் பெயரும் சிசி அளவும் ஒன்றாக இருந்தால் பாகமும் பொருந்தும் என்பது பரவலான நம்பிக்கையாகும். இது பல வேளைகளில் தவறாகிவிடுகின்றது. பொருத்தத்தைத் தீர்மானிப்பவை என்ஜினின் வகைக் குறியீடு, பாகத்தின் மீது பொறிக்கப்பட்ட எண், அளந்து பெறும் அளவுகள் ஆகியவையே.

சொல்லும் வழக்கும்

பழைய இரும்பு வாங்கி விற்கும் கடை தமிழ்நாட்டில் காயலான் கடை எனப்படுகின்றது. இச்சொல்லைக் காயல்பட்டினத்து வணிகர்களோடு தொடர்புபடுத்திக் கூறுவோர் உளர். காயலான் கடைக்குப் போக வேண்டிய வண்டி என்பது பேச்சு வழக்கில் கேலியாகவும் வழங்கும். எனினும் எடைக்கு இரும்பு வாங்கும் கடை வேறு, வண்டியைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்கும் கடை வேறு. முன்னதில் பாகத்தின் வரலாறு எவருக்கும் தெரியாது. பின்னதில் எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று கேட்டறிய வாய்ப்பு உண்டு.

கடைக்காரர்கள் ரீகண்டிஷன் என்று சொல்லும் பாகம் கழற்றிய நிலையிலேயே விற்கப்படுவதன்று. தேய்ந்த இடங்களைக் கடைந்தோ, புதிய உறுப்பு இட்டோ சீர்செய்யப்பட்டதாகும். கடைந்த பாகத்தின் அளவு ஆலையிலிருந்து வந்த அளவாக இராது என்பதால், பொருத்தம் பார்ப்பதில் இவ்வேறுபாடு முக்கியமானது.

புதுக்கோட்டை மாவட்டத்தில்

புதுக்கோட்டை மாவட்டம் 1974ஆம் ஆண்டு சனவரி 14 அன்று, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு அமைக்கப்பட்டது. இங்குப் பதிவாகும் வண்டிகள் டிஎன் 55 என்னும் குறியீட்டைத் தாங்குகின்றன. மாவட்டத்தின் வண்டிகளும் என்ஜின்களும் பலதரப்பட்டவை. ஆலங்குடி, அறந்தாங்கிப் பகுதிகளில் டிராக்டர்களும் டீசல் பம்பு செட்டுகளும், கல் குவாரிகளைச் சார்ந்து டிப்பர் லாரிகளும், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கடற்கரைகளில் விசைப்படகுகளும், எங்கும் இருசக்கர வண்டிகளும் உள்ளன.

உள்ளூரில் கிடைக்காத பாகத்திற்குச் சுமார் 55 கி.மீ. தொலைவிலுள்ள திருச்சிராப்பள்ளிக்குச் செல்வது வழக்கம். அங்கும் அகப்படாதபோது சென்னைப் புதுப்பேட்டைக்குச் செல்கின்றனர். எழும்பூருக்கு அருகே, கூவம் ஆற்றை ஒட்டியுள்ள புதுப்பேட்டை, பழைய வண்டிப் பாகங்களுக்குத் தமிழ்நாடெங்கும் அறியப்பட்ட சந்தையாகும். புதுக்கோட்டையிலிருந்து அது ஏறத்தாழ 390 கி.மீ. தொலைவில் உள்ளது. இத்தனை தொலைவு சென்று கொண்டுவந்த பாகம் பட்டறையில் பொருந்தாமற் போனால், பாகத்தின் விலையோடு இழப்பு நிற்பதில்லை. போக்குவரவுச் செலவும் இரு நாள் வேலையும் போகும். பிரித்துப் போட்ட என்ஜினும் அப்படியே கிடக்கும். உழவுப் பருவத்தில் டிராக்டருக்கும், மீன்பிடித் தடைக்காலம் முடியும் தறுவாயில் படகுக்கும் இந்நிலை நேர்ந்தால், இழப்பு பாகத்தின் விலையைவிடப் பலமடங்கு ஆகிவிடும்.

பெயர் ஒன்று, என்ஜின் வேறு

இதற்குச் சென்னையில் உற்பத்தியாகும் புல்லட்டே சிறந்த எடுத்துக்காட்டு. ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் 350 சிசி என்ஜின்களுள் பழைய வார்ப்பிரும்பு என்ஜின், அதன் பின் வந்த ஏவிஎல் எனப்படும் அலுமினிய என்ஜின், 2008 முதல் படிப்படியாக வந்த யூசிஇ என்ஜின் ஆகிய மூன்றும் 346 சிசி கொள்ளளவு உடையவை. மூன்றிலும் சிலிண்டரின் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஓடும் நீளம் 90 மி.மீ. ஆகும். காகிதத்தில் பார்ப்பவர் மூன்றையும் ஒன்றென்றே கொள்வர். ஆனால் வார்ப்பிரும்பு என்ஜினில் கியர் பெட்டி தனியாகப் பூட்டப்பட்டிருக்கும். யூசிஇ என்ஜினில் இரண்டும் ஒரே உறைக்குள் அமைந்தவை. ஹெட், கிராங்க், எண்ணெய் பம்பு ஆகியவை ஒன்றுக்கொன்று மாறா. பிஸ்டனின் விட்டம் ஒன்றாக இருந்தாலும், அதன் தலை வடிவமும் அழுத்த விகிதமும் வேறு. 2020இல் மீட்டியோர் வண்டியோடு வந்து 2023இல் புல்லட்டுக்கும் இடப்பட்ட என்ஜினில் விட்டம் 72 மி.மீ., ஓட்டம் 85.8 மி.மீ. ஆகும். ஆகவே, புல்லட் 350 பிஸ்டன் வேண்டும் என்று மட்டும் கேட்பவருக்குச் சரியான பாகம் கிடைத்தால் அது தற்செயலே.

மாருதி 800 மகிழுந்திலும் இதே சிக்கல் உண்டு. 1983 திசம்பரில் விற்பனைக்கு வந்து 2014 தொடக்கத்தில் உற்பத்தி நிறுத்தப்பட்ட இவ்வண்டியிலும், ஆம்னியிலும் இருந்த எஃப் 8 பி என்ஜின் 796 சிசி கொண்டது. 2000ஆம் ஆண்டில் வந்த ஆல்டோவிலும் 800இன் சில வகைகளிலும் இருந்த எஃப் 8 டி என்ஜினும் 796 சிசி கொண்டதே. இரண்டிலும் மூன்று சிலிண்டர்கள், விட்டம் 68.5 மி.மீ., ஓட்டம் 72 மி.மீ. ஆகும். முன்னதில் சிலிண்டருக்கு இரண்டாக ஆறு வால்வுகளும், பின்னதில் நான்காகப் பன்னிரண்டு வால்வுகளும் உள்ளன. ஒன்றின் ஹெட்டை மற்றொன்றில் அப்படியே வைக்க முடியாது. இவ்வகையில் வாங்குபவருக்கு உதவும் செய்தி ஒன்று உண்டு: என்ஜின் எண் இந்த வகைக் குறியீட்டோடுதான் தொடங்குகின்றது. எண்ணின் முதல் மூன்று எழுத்துகளைப் படித்தாலே போதும்.

பஜாஜ் பல்சர் 150 வண்டியிலோ சிசி அளவே மாறியுள்ளது. ஒரு காலத்தில் 143.9 சிசியாக இருந்த என்ஜின், பின்னர் 149 சிசியாக்கப்பட்டது. ஓட்டம் 56.4 மி.மீ. என்றே இருக்க, விட்டம் 57 மி.மீ. அளவிலிருந்து 58 மி.மீ. ஆயிற்று. வண்டியின் பக்கவாட்டில் இரண்டுக்கும் 150 என்றே எழுதியிருக்கும். 2003இல் வந்த இரட்டைத் தீப்பொறிப் பிளக்கு வகைக்கும் அதற்கு முந்தைய வகைக்கும் ஹெட் வேறு, தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் சிடிஐ பெட்டியும் வேறு.

கிராமப்புறங்களில் பெரிதும் ஓடும் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. எக்ஸ்எல் சூப்பரின் 69.9 சிசி என்ஜின் இரு வீச்சு வகை. 2015இல் வந்த எக்ஸ்எல் 100 நான்கு வீச்சு வகை. பெயரைத் தவிர என்ஜினில் பொதுவானது எதுவும் இல்லை.

மாறாக, பெயர் வேறாக இருந்தும் பாகம் பொருந்துவதும் உண்டு. ஹீரோ ஹோண்டாவின் சிடி 100, ஸ்பிளென்டர், பேஷன் ஆகியவை 50 மி.மீ. விட்டமும் 49.5 மி.மீ. ஓட்டமும் கொண்ட 97.2 சிசி என்ஜின் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றிற்கிடையே பல உறுப்புகளை மாற்றிக்கொள்ள இயலும் என்பதைப் பட்டறைக்காரர் எவரும் அறிவர். இங்கும் செல்ஃப் ஸ்டார்ட் உள்ள வகையின் உறைகளைத் தனியே பார்க்க வேண்டும். 2020 ஏப்பிரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்கேற்ப எரிபொருளைப் பீய்ச்சும் முறைக்கு மாறிய ஸ்பிளென்டரின் ஹெட்டைப் பழைய கார்புரேட்டர் வண்டியுடன் சேர்த்தெண்ணக் கூடாது.

லாரி என்ஜின்களின் எண்கள்

டாட்டா நிறுவனத்தின் பழைய டீசல் என்ஜின்களின் பெயரிலேயே அளவு அடங்கியுள்ளது. 497 என்றால் நான்கு சிலிண்டர், 97 மி.மீ. விட்டம், 697 என்றால் ஆறு சிலிண்டர், அதே விட்டம். டாட்டா 407 வண்டியில் இருந்த 497இன் கொள்ளளவு 2956 சிசி. பெரிய லாரிகளில் இருந்த 697இன் கொள்ளளவு 5675 சிசி. ஒரு சிலிண்டருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் இரண்டும் ஒத்துப்போகா என்பது விளங்கும். 497இன் ஓட்டம் 100 மி.மீ., 697இன் ஓட்டம் 128 மி.மீ. ஆகும். விட்டம் ஒன்றே என்பதை மட்டும் நம்பி ஒன்றின் பிஸ்டனை மற்றொன்றுக்கு வாங்குவது வீண்செலவில் முடியும். பிஸ்டன் ஊசித் துளையிலிருந்து தலை வரையுள்ள உயரம், தலையிலுள்ள எரிகுழியின் வடிவம், வளையக் காடிகளின் அகலம் ஆகிய மூன்றும் ஒத்திருந்தால்தான் பிஸ்டன் பொருந்தியதாகக் கொள்ளலாம்.

டீசல் பம்பில் ஒட்டப்பட்ட தகடு மிகவும் பயனுள்ளது. 1951இல் தொடங்கப்பட்டு, மைக்கோ என்னும் பெயரால் அறியப்பட்டு, 2008இல் பாஷ் எனப் பெயர் மாற்றம் பெற்ற நிறுவனத்தின் பம்புகளே இந்நாட்டு டீசல் வண்டிகளில் பெருமளவில் உள்ளன. இத்தகட்டிலுள்ள நீண்ட எண், பம்பு எந்த என்ஜினுக்காக அளவிடப்பட்டது என்பதைக் காட்டும். வெளித்தோற்றத்தில் ஒன்றேபோல் இருக்கும் இரு பம்புகள், பீய்ச்சும் அளவிலும் கவர்னர் அமைப்பிலும் சுழலும் திசையிலும் வேறுபடலாம். தகடு பிடுங்கப்பட்ட பம்பை வாங்காதிருத்தல் நன்று.

விசைப்படகுகளில் லாரி என்ஜின் குடும்பத்தைச் சேர்ந்த என்ஜின்கள் பல உள்ளன. பிளாக், கிராங்க், பிஸ்டன் போன்றவை லாரிக்கும் படகுக்கும் பொதுவாக இருக்கக்கூடும். ஆயினும் குளிர்விக்கும் அமைப்பு, புகைக்குழாய் இணைப்பு, கியர் ஆகியவை படகுக்கென்றே செய்யப்பட்டவை. கடல்நீர் ஓடிய பழைய பாகத்தில் உட்புற அரிப்பு வெளியே தெரியாது. சுத்தியால் மெல்லத் தட்டி, கூரிய கம்பியால் நீர்வழிகளைக் குத்திப் பார்த்த பின்னரே விலை பேச வேண்டும்.

பழைய பாகமும் கேஸ்கட்டும்

பொருத்தம் பார்ப்பதற்கு மிக எளிய வழி, பழுதான பாகத்தையே கையோடு எடுத்துச் செல்வதாகும். பேருந்தில் ஹெட்டைத் தூக்கிச் செல்வது தொல்லைதான். ஆனால் பொருந்தாத ஹெட்டைத் தூக்கி வருவதைவிட அது மேல்.

பாகம் பெரிதாக இருந்தால், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே இருந்த கேஸ்கட்டை எடுத்துச் செல்லலாம். பலர் கழற்றியவுடன் இதைக் கிழித்து எறிந்துவிடுகின்றனர். உண்மையில் கேஸ்கட் அந்த என்ஜினின் வரைபடம் போன்றது. சிலிண்டர் விட்டம், சிலிண்டர்களின் இடைவெளி, போல்ட்டுத் துளைகளின் இடம், நீர்வழிகள், எண்ணெய் வழி ஆகிய அனைத்தும் அதில் உள்ளன. கடையிலுள்ள ஹெட்டின் மீது அதை வைத்தால் ஒரு நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். போல்ட்டுத் துளைகள் அனைத்தும் ஒத்து, எண்ணெய் வழி ஒன்று மட்டும் மூடப்பட்டிருந்தாலும் அந்த ஹெட் பயன்படாது. எண்ணெய் ஏறாத கேம் தண்டு வெகு விரைவில் தேய்ந்து பிடித்துக்கொள்ளும். இது என்ஜின் ஓடத் தொடங்கிய பின்னரே தெரிய வரும் என்பதால், பொருத்தமின்மைகளுள் மிகவும் கேடானது எனலாம்.

கிளட்ச், ஃப்ளைவீல், ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றிற்கு எண்ணுவதே சோதனை. ஃப்ளைவீல் வளையத்தின் பற்களையும், கிளட்ச் தட்டின் நடுவிலுள்ள காடிகளையும், ஃப்ளைவீலைக் கிராங்கோடு பூட்டும் போல்ட்டுகளையும் எண்ணிக் குறித்துச் செல்ல வேண்டும். ஒரு பல் கூடினாலும் குறைந்தாலும் பாகம் வேறு.

அளந்து பார்த்தல்

பழைய பாகம் சரியான வகையைச் சேர்ந்ததாகவே இருந்தாலும், அது இடையில் கடையப்பட்டிருக்கலாம். சிலிண்டர் தேய்ந்தால் போர் அடித்து விட்டத்தைப் பெரிதாக்குவர். அதற்கேற்ப 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. கூடிய பிஸ்டன்கள் உண்டு. இவ்வெண் பிஸ்டனின் தலையில் பொறிக்கப்பட்டிருக்கும். கரியைச் சுரண்டினால் தெரியும். 0.50 எனப் பொறித்த பிஸ்டன், போர் அடிக்காத சிலிண்டரில் நுழையாது. இறுதி அளவு வரை ஏற்கனவே போர் அடித்த பிளாக்கை வாங்கினால், அடுத்த தேய்மானத்திற்கு ஸ்லீவ் இறக்குவதைத் தவிர வழியில்லை.

கிராங்க் தண்டில் இதற்கு நேர்மாறாக நடக்கும். பேரிங் அமரும் இடங்களைக் கடையும்போது விட்டம் சிறிதாகும்; பேரிங்கின் தடிப்பு கூடும். பேரிங்கின் பின்புறம் பொறித்துள்ள அளவு, கிராங்க் எத்தனை முறை கடையப்பட்டது என்பதைச் சொல்லிவிடும். லேத்துப் பட்டறையில் மைக்ரோமீட்டர் கொண்டு ஒவ்வோர் இடத்தையும் குறுக்கும் நெடுக்குமாக இருமுறை அளந்தால், நீள்வட்டத் தேய்மானமும் வெளிப்படும். கடையில் இவ்வசதி இல்லையெனில், தண்டைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சிறு சுத்தியால் தட்டுவர். கணீரென்ற ஒலி நல்ல அறிகுறி. மொட்டையான ஒலி விரிசலுக்கு அறிகுறி. இஃது அனுபவ முறையே, முழுமையான சோதனையன்று.

ஹெட்டின் தட்டையை நேர்ச்சட்டமும் ஃபீலர் கேஜும் கொண்டு பார்க்க வேண்டும். சுசுகி என்ஜின்களில் 0.05 மி.மீ. வளைவுக்கு மேல் அனுமதிக்கப்படுவதில்லை. வளைந்த ஹெட்டைச் சீவித் தட்டையாக்கலாம். ஆனால் பலமுறை சீவிய ஹெட்டின் உயரம் குறைந்து, அழுத்தம் மிகுந்து, சில என்ஜின்களில் வால்வு பிஸ்டனைத் தொட்டுவிடும். ஆகவே உயரத்தையும் அளந்து, கழற்றிய ஹெட்டோடு ஒப்பிட வேண்டும்.

விரிசல் பார்க்கச் சாக்குத்துண்டும் மண்ணெண்ணெயும் போதும். பாகத்தை மண்ணெண்ணெயில் நனைத்து, நன்கு துடைத்து, சாக்கைத் தேய்த்துச் சற்று நேரம் விட்டால், விரிசலிலிருந்து கசியும் எண்ணெய் வெண்மையின் மீது கோடாகத் தெரியும். இரு வால்வுகளுக்கு இடைப்பட்ட பகுதியை மறவாமல் பார்க்க வேண்டும். வால்வுகள் மூடியிருக்க, ஹெட்டைக் கவிழ்த்து எரிகுழியில் மண்ணெண்ணெய் ஊற்றினால் வால்வின் கசிவும் புலப்படும்.

கனெக்டிங் ராடின் மூடி, பிளாக்கின் மெயின் பேரிங் மூடி, கேம் தண்டின் மூடி ஆகியவை அந்தந்த உடலோடு சேர்த்தே துளையிடப்பட்டவை. மூடி காணாமற்போன பாகத்திற்கு வேறொன்றின் மூடியைப் பூட்டித் தருவது கடைகளில் நடப்பதே. இரு பகுதிகளிலும் உள்ள எண்கள் ஒத்துள்ளனவா எனப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள்

2015 திசம்பரிலும் 2023 திசம்பரிலும் சென்னையில் ஏற்பட்ட வெள்ளங்களில் பெருந்தொகையான வண்டிகள் நீரில் மூழ்கின. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல், புதுக்கோட்டைக் கடற்கரையிலும் படகுகளைச் சேதப்படுத்தியது. இத்தகைய வண்டிகளும் என்ஜின்களும் நாளடைவில் உடைப்புக்கு வருவது இயல்பு. ஓடிக்கொண்டிருக்கும்போது நீரை உறிஞ்சிய என்ஜினில் கனெக்டிங் ராடு வளைந்திருக்கக்கூடும். பால்போல் வெளுத்த எண்ணெய், கிளட்ச் உறையின் மூலைகளில் படிந்த வண்டல், சிலிண்டர் சுவரில் வளையமாகத் துரு ஆகியன மூழ்கியதற்கான அடையாளங்கள்.

மின்னணு உறுப்புகள்

பாரத் ஸ்டேஜ் 4 விதிகள் 2017 ஏப்பிரலில் நாடு முழுவதும் வந்தபின் விற்ற வண்டிகளில், பொருத்தம் இரும்போடு நிற்பதில்லை. கிராங்கின் சுழற்சியை அறியும் உணரி, அதற்கான பல்வளையத்தின் பற்கள், இசியூ பெட்டியின் எண், வயர் இணைப்பியின் ஊசிகள் அனைத்தும் ஒத்திருக்க வேண்டும். சில வண்டிகளில் இசியூ, சாவியோடு பிணைக்கப்பட்டிருப்பதால் மாற்றினாலும் வண்டி கிளம்பாது. அத்தகைய பெட்டியைத் தனியே வாங்குவது பெரும்பாலும் பணத்தை இழப்பதே.

டைமிங் பெல்ட், கேஸ்கட், ஆயில் சீல், பிஸ்டன் வளையம், கனெக்டிங் ராடு போல்ட்டு ஆகியவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது.

வண்டியே மாறியிருத்தல்

உடைக்க வந்த வண்டியில் இருப்பது அதன் பிறவி என்ஜின்தான் என்பதற்கு உறுதி இல்லை. அம்பாசடர் மகிழுந்து இதற்குப் பேர்பெற்றது. 1489 சிசி பெட்ரோல் என்ஜின், டீசல் என்ஜின், 1990களில் வந்த இசுசு 1.8 லிட்டர் என்ஜின் என ஆலையே பலவற்றைப் பொருத்தியது. போதாக்குறைக்கு உரிமையாளர்களும் விருப்பம்போல் மாற்றிக்கொண்டனர். வண்டியின் உடலைப் பார்த்து முடிவு செய்யாமல், பிளாக்கில் பொறித்த எண்ணையே படிக்க வேண்டும்.

சட்ட நிலை

முழு என்ஜினையோ எண் பொறித்த பிளாக்கையோ வாங்கி மாற்றினால், பதிவுச் சான்றிலுள்ள என்ஜின் எண் மாறிவிடும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி இதற்குப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதலின்றி என்ஜின் மாற்றப்பட்டிருந்தால், 14 நாட்களுக்குள் பதிவுச் சான்றோடும் கட்டணத்தோடும் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். இதைச் செய்யாதவருக்கு, விபத்துக் காப்பீடு கோரும்போதோ வண்டியை விற்கும்போதோ எண் வேறுபாடு தடையாக நிற்கும்.

திருட்டு வண்டியின் பாகம் என அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது குற்றமாகும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 411ஆம் பிரிவில் இருந்த இக்குற்றம், 2024 சூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவில் உள்ளது. உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரிலுள்ள சோத்திகஞ்ச் சந்தை, திருட்டு வண்டிகளை உடைத்து விற்றதாகப் பெயர்பெற்று, 2021 திசம்பரில் காவல்துறையால் மூடப்பட்டது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் சேவையில் என்ஜின் எண்ணைக் கொண்டு திருட்டுப் புகார் உள்ளதா எனப் பார்க்க இயலும். எண்ணைத் தேய்த்து அழித்த அடையாளமோ, மேலெழுதிய அடையாளமோ இருந்தால், விலை எவ்வளவு குறைவாயினும் வாங்கக் கூடாது.

வண்டி உடைக்கும் நிலையங்களைப் பதிவு செய்வதற்கான நடுவண் அரசு விதிகள் 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டன. இவற்றின்படி பதிவு பெற்ற நிலையத்தில் வண்டியை ஒப்படைப்பவருக்குச் சான்று வழங்கப்படும். பழைய கடைகளில் இத்தகைய சான்று கிடைப்பதில்லை. அங்கு வாங்குபவர் கேட்டுப் பெற வேண்டியது ரசீதாகும். கடையின் பெயர், நாள், பாகத்தின் பெயர், அதன் எண், அது கழற்றப்பட்ட வண்டியின் பதிவு எண் ஆகியவை அதில் இருத்தல் வேண்டும். அளவில் பொருந்தாவிடில் இத்தனை நாட்களுக்குள் மாற்றித் தரப்படும் என்று ஒரு வரி எழுதித் தரச் சில கடைக்காரர்கள் இசைவர். இதைப் பணம் கொடுப்பதற்கு முன்னரே கேட்க வேண்டும்.